உச்சியில் அடி, இமையில் கருப்பு

அன்புள்ள ஐயா,

என் தந்தை தாழ்வான நிலைப்படியில் உச்சந்தலையை இடித்துக்கொண்டார். தோல் கிழியவில்லை, வீக்கம் மட்டும்தான். மூன்றாம் நாள் காலையில் இரண்டு மேலிமைகளும் வீங்கிக் கருத்துவிட்டன. கண்ணில் அடியே படவில்லையே, ஏன் இப்படி?

க.

அன்புள்ள க.,

முதலில் இன்றே அவரை மருத்துவரிடம் காட்டுங்கள். மண்டையோட்டின் அடிப்பகுதியில் விரிசல் விழுந்தாலும் இரு கண்களும் இப்படிக் கருக்கும். மூக்கிலோ காதிலோ தண்ணீர் போல வடிதல், காதுக்குப் பின்னால் கருத்தல், வாந்தி, எழுப்பினாலும் தெளியாத தூக்கம், இவற்றில் ஒன்று இருந்தாலும் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றாலும் அப்படியே.

அப்படி எதுவும் இல்லையென்றால், பெரும்பாலும் காரணம் ஆக்சிபிட்டோஃபிரான்டாலிஸ் தசையின் அமைப்புதான். நெற்றியில் ஒரு பகுதி, பிடரிப் பக்கம் ஒரு பகுதி. உச்சியை மூடியிருக்கும் நார்த்தகடு இரண்டையும் இணைக்கிறது. முடி தொடங்கும் இடத்தில் விரலை வைத்துப் புருவத்தை உயர்த்திப் பாருங்கள், தோல் எலும்பின்மேல் வழுக்கும். தோல், அதன் கீழுள்ள இறுகிய திசு, நார்த்தகடு மூன்றும் ஒரே போர்வையாக நகர்கின்றன. போர்வைக்கும் எலும்பை மூடிய சவ்வுக்கும் இடையே தளர்வான திசு. ரத்தம் தேங்கியது அங்கேதான்.

பின்பகுதித் தசை பின்மண்டை எலும்பின் மேட்டில் பிடித்திருப்பதால் ரத்தம் கழுத்துக்கு இறங்க முடியாது. பக்கவாட்டிலும் நார்த்தகடு கன்ன எலும்பு வளைவோடு நின்றுவிடுகிறது. நெற்றித் தசைக்கு மட்டும் எலும்பில் பிடிப்பே கிடையாது. புருவத் தோலிலும் கண்ணைச் சுற்றிய தசையிலும் கலந்து முடிகிறது. ஆகவே ரத்தத்துக்கு முன்பக்கம் ஒன்றே வழி. ஓரிரு நாளில் இமைக்கு இறங்கிவிடும். இமைத் தோல் மிக மெல்லியது, அதனால் கொஞ்சம் ரத்தமே பயமுறுத்துகிற அளவுக்குத் தெரியும். பச்சையாகி, மஞ்சளாகி, தானே மறையும்.

தலை வீக்கத்தைத் தேய்த்துவிடாதீர்கள். வீட்டில் ஊசியால் குத்தி எடுக்கவே கூடாது. அந்தத் தளர்ந்த அடுக்கில் சீழ் பிடித்தால், எலும்பைத் துளைத்துச் செல்லும் சிரைகள் வழியே தொற்று மண்டைக்குள் போகலாம்.

தோல் கிழிந்திருந்தால் கதை வேறு. நார்த்தகடு குறுக்கே வெட்டுப்பட்டால் முன்தசை முன்னுக்கும் பின்தசை பின்னுக்கும் இழுக்க, காயம் வாய் பிளந்து நிற்கும். அதற்குத் தோல் தையல் மட்டும் போதாது, நார்த்தகட்டையும் சேர்த்து மூட வேண்டும்.