சம்மதம் கேட்கப்படாதவர்கள்

கேள்வி: பெரிய தொழிலதிபர்கள் நூறு, ஆயிரம் ஏக்கர் என்று விவசாய நிலத்தை வாங்கிப் போடுவதைக் குற்றம்போலப் பேசுகிறார்கள். விற்பவர் மனமுவந்து விற்கிறார், வாங்குபவர் காசு கொடுத்து வாங்குகிறார். அமெரிக்காவில் பில் கேட்ஸே வாங்கவில்லையா? தரிசாகக் கிடப்பதை எடுத்து யாராவது ஏதாவது செய்தால் நல்லதுதானே? எங்கள் ஊரில் என் பங்கு நான்கு ஏக்கரையும் கேட்டு வந்திருக்கிறார்கள். விற்கலாமா, கூடாதா?
– ஒரு வாசகர், அருப்புக்கோட்டை

பதில்: கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

பில் கேட்ஸை முதலில் ஊருக்கு அனுப்பிவிடலாம். 2021-ல் வெளியான கணக்குப்படி அவர் கையில் சுமார் 2,42,000 ஏக்கர் விளைநிலம். தனியாரில் அமெரிக்காவிலேயே அவரிடம்தான் அதிகம். ஆனால் அந்த நாட்டில் ஒரு சராசரிப் பண்ணையே 463 ஏக்கர். ஆக, அவரிடம் இருப்பது ஐந்நூற்றுச் சொச்சம் பண்ணைகளின் அளவு. தமிழ்நாட்டு விவசாயியின் சராசரி நிலம் 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கர்கூடத் தேறாது. இங்கே ஒருவர் ஆயிரம் ஏக்கர் வளைத்தாலே ஐந்நூறு குடும்பத்துப் பட்டாவில் பெயர் மாறிவிடும். அதோடு, அமெரிக்காவில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடவும் இல்லை. வடக்கு டகோட்டா மாநிலத்தில் கம்பெனிகள் விவசாய நிலம் வைத்துக்கொள்வதைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1932-லிருந்தே இருக்கிறது. 2022-ல் கேட்ஸோடு தொடர்புடைய அறக்கட்டளை அங்கே சுமார் 2,100 ஏக்கர் உருளைக்கிழங்கு நிலத்தை வாங்கியதும், மாநில அட்டர்னி ஜெனரல் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பினார். நிலத்தை விவசாயிகளுக்கே குத்தகைக்கு விடுகிறோம் என்று காட்டிய பிறகுதான் விவகாரம் அடங்கியது. கேட்கவாவது ஓர் ஆள் இருந்தார்.

நம்மிடமும் சட்டத்துக்குக் குறைவில்லை. 1961-ல் நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துப் போடும் ஏக்கர் கணக்கு) என்று வைத்தார்கள். 1970-ல் அதைப் பாதியாக்கி 15 ஆக்கினார்கள். (புஞ்சையானால் ஸ்டாண்டர்டு ஏக்கர் கணக்கு நீளும். உங்கள் பக்கத்துக் கரிசலில் சாதாரண ஏக்கராக அது அதைவிடச் சில மடங்கு வரும். எவ்வளவு நீட்டினாலும் ஆயிரம் வராது.) ஆகவே 'வாங்கினால் என்ன தவறு' என்ற உங்கள் கேள்விக்குச் சட்டமன்றம் அரை நூற்றாண்டுக்கு முன்பே பதில் சொல்லியாயிற்று. ஆனால் அதே சட்டத்தில் 37-ஏ என்று ஒரு பிரிவு உண்டு. தொழில், வணிக நிறுவனங்கள் அரசிடம் அனுமதி வாங்கிக்கொண்டு உச்சவரம்புக்கு மேலும் நிலம் வைத்திருக்கலாம். அனுமதிக்கு அலைய மனமில்லாதவர்களுக்கு இன்னொரு வழி, ஏழெட்டு நிறுவனங்களின் பெயரில் பிரித்து எழுதுவது. அன்றைய பண்ணையார் சமையற்காரர் பெயரில் எழுதினார், இன்றைக்குப் பிரைவேட் லிமிடெட் பெயரில் எழுதுகிறார்கள். மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் விளைநிலம் வாங்க முதலில் விவசாயியாக இருக்க வேண்டும். கர்நாடகத்தில் அப்படி இருந்த தடையை 2020-ல் எடுத்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் அந்தத் தடையே இருந்ததில்லை.

சரி, 'மனமுவந்து விற்கிறார்' என்கிறீர்கள். அது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். தரகர் முதலில் சாலையோரக் காட்டைத்தான், அதாவது புஞ்சையைத்தான், கேட்பார். விலை தாராளமாகவே இருக்கும், ஊரெல்லாம் அதைத்தான் பேசும். கிரயம் முடிந்து கல்தூண் நட்டுக் கம்பி இழுத்ததும், பின்னால் நிலம் வைத்திருப்பவர் டிராக்டரைக் கொண்டுபோக வழி இருக்காது. தாத்தா காலத்து வண்டிப்பாதை எந்தப் பத்திரத்திலும் ஏறியிருக்காது. இருபது வருடம் தடையில்லாமல் நடந்த வழிக்கு உரிமை உண்டு என்று 1882-ஆம் வருடத்து வசதியுரிமைச் சட்டம் சொல்லத்தான் செய்கிறது. அதைச் சிவில் கோர்ட்டில் நிரூபித்து முடிப்பதற்குள் மகன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விடுவான். அப்புறம் தரகர் திரும்ப வருவார், இந்த முறை விலையைக் குறைத்துக்கொண்டு. பின்காட்டுக்காரர் கையெழுத்துப் போடுவார். சார்பதிவாளர் அலுவலக ஏட்டில் அதுவும் மனமுவந்த விற்பனைதான்.

இவருக்காவது போடுவதற்கு ஒரு கையெழுத்து இருந்தது. அந்தக் காட்டை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு கொடுத்து, உழுதவருக்கு அதுவும் கிடையாது. குத்தகையைப் பதிவு செய்து பாதுகாப்புக் கேட்க 1969-லேயே சட்டம் போட்டாயிற்று. ஆனால் ஊரில் பாதிக் குத்தகை வாய்ப்பேச்சில் நடப்பது. அடங்கலில் (கிராமத்துப் பயிர்க் கணக்கில்) உடைமையாளர் பெயர் இருக்கும், உழுதவர் பெயர் இருக்காது. களை எடுக்கவும் பருத்தி எடுக்கவும் வந்த பெண்களைப் பற்றி எந்தப் பதிவேடும் பேசாது. அறுவடை முடிந்த காட்டில் ஆட்டுக்கிடை போடும் கீதாரியிடம், "வேலி அடைக்கப் போகிறோம்" என்று யாரும் சொல்லி அனுப்பமாட்டார்கள். நீங்கள் தரிசு என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தத் தரிசில்தான் இந்த ஆடுகள் மேய்கின்றன, அதன் சரிவில் விழும் மழைதான் கண்மாய்க்கு வருகிறது. நிலத்தை மட்டம் தட்டி வரத்துக்காலை மூடினால், நிலத்தை விற்காத ஊர்க்காரருக்கும் தண்ணீர் இல்லை.

இதெல்லாம் நாகப்பட்டினம் கடற்கரையில் ஒருமுறை பார்த்துவிட்ட கதைதான். 1990-களில் இறால் ஏற்றுமதியில் கொழுத்த லாபம் என்றதும் கம்பெனிகள் வந்து நெல் வயல்களை வாங்கிக் குளம் வெட்டின. விற்றவர்களுக்குப் பணம் கிடைத்தது, பொய்யில்லை. ஆனால் இறால் குளத்துக்கு உப்புத் தண்ணீர் வேண்டும், அந்த உப்பு வரப்போடு நிற்காது. பக்கத்து வயல் உவராகியது, குடிதண்ணீர்க் கிணறு கரித்தது. மீனவர் கடலுக்குப் போகும் வழியைப் பண்ணை மறித்தது. வயலில் நூறு பேருக்கு வேலை என்றால், குளத்துக்குக் காவல் காக்கச் சில பேர் போதும். சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 11 அன்று வந்த தீர்ப்பு, விளைநிலத்தை இறால் குளமாக மாற்றவே கூடாது என்றது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த பண்ணைகளை இடிக்கச் சொன்னது. பாதிக்கப்பட்டவர்களுக்கு மாசுபடுத்தியவரே நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்றது. படிக்கப் பிரமாதமான தீர்ப்பு. பின்னாலேயே மறுஆய்வு மனுக்கள் போயின, 2005-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டமும் ஆணையமும் கொண்டுவந்து, பண்ணைகள் பதிவு செய்துகொண்டு நடக்க வழி செய்தது. உவராகிப்போன வயலைப் பதிவு செய்ய ஓர் ஆணையம் அமைத்ததாக எனக்கு நினைவில்லை.

இன்னொன்று. விளைநிலத்தின் மேல் பணம் ஏன் இப்படி வந்து விழுகிறது? விவசாய வருமானத்துக்கு மத்திய வருமான வரி கிடையாது. நகர எல்லையிலிருந்து தள்ளியுள்ள கிராமத்து விளைநிலத்தை விற்றால் அந்த லாபத்துக்கும் கிடையாது. கிணற்றில் விவசாய மின் இணைப்பு இருந்தால் மோட்டாருக்குக் கரண்ட் இலவசம். சம்சாரி, அதாவது விவசாயி, பிழைக்கட்டும் என்று கொடுத்த சலுகைகள் இவை. இரண்டு ஏக்கர்காரருக்கு வரி கட்டும் அளவுக்கு வருமானமே வராது, அவருக்கு இந்த வரிவிலக்கால் என்ன லாபம்? நூறு ஏக்கரில் மாமரம் வைத்து, அதன் பெயரில் வருமானம் காட்டுபவருக்குத்தான் அது தேன். கணக்கில் வராத பணம் மாம்பழம் வழியாகக் கணக்குக்கு வருவதும் உண்டு. இதைச் சொன்னால் ஆடிட்டர் நண்பர்கள் சிரிப்பார்கள், மறுக்கமாட்டார்கள்.

சட்டம் செய்யும் இடத்திலும் காற்று அந்தப் பக்கம்தான் அடிக்கிறது. 2023 ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலை மசோதாவுக்குப் பெரிய ரகளை நடந்தது ஞாபகம் இருக்கும், பிறகு அது திரும்பப் பெறப்பட்டது. அதே நாளில் நில ஒருங்கிணைப்பு மசோதா ஒன்று விவாதமே இல்லாமல் நிறைவேறியது. சிறப்புத் திட்டம் என்று அரசு அறிவித்தால், 100 ஹெக்டேருக்குக் குறையாத நிலத்துக்கு நடுவே ஓடும் வாய்க்காலையும் ஓடையையும்கூட நிபந்தனைகளோடு அந்தத் திட்டத்துக்குக் கொடுத்துவிடலாம். இங்கே பெரிதாக வளைப்பதற்குப் பரிசு உண்டு என்றுதான் நான் அதைப் படித்தேன்.

விற்பவரை நான் குறை சொல்லமாட்டேன். வானம் பார்த்த பூமி, ஐந்து வருடத்தில் மூன்று வருடம் பொய்க்கிறது. சீமைக்கருவேலத்தை வேரோடு எடுக்க ஆகும் செலவு விளைச்சலில் திரும்ப வருவதில்லை. பெண்ணுக்குக் கல்யாணம், பையனுக்குக் காலேஜ். உங்கள் பக்கத்து மாவட்டத்தில் கமுதி அருகே 2016-ல் அதானி குழுமம் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் அமைத்தது, சுமார் 2,500 ஏக்கரில். கரண்ட் வேண்டாமா என்றால் வேண்டும்தான். ஆனால் வெயிலை அறுவடை செய்ய நிலத்தை விற்றுத்தான் ஆக வேண்டுமா? காற்றாலைக்கும் சூரிய மின்சாரத்துக்கும் நிலத்தை வருட வாடகைக்குக் கொடுக்கும் வழக்கம் உலகில் பல இடங்களில் இருக்கிறது. பட்டா சம்சாரி பெயரிலேயே இருக்கும், மழை பொய்த்தாலும் வாடகை வரும். இங்கே தரகர் அதை வாய்தவறிக்கூடச் சொல்லமாட்டார், கமிஷன் கிரயத்தில்தான் இருக்கிறது.

இப்போது உங்கள் நான்கு ஏக்கர். விற்பது உங்கள் உரிமை, பத்திரிகையில் உட்கார்ந்துகொண்டு நான் தடுக்க முடியாது. ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: "இப்போதைக்குப் பவர் (உங்கள் சார்பில் விற்கும் அதிகாரம்) மட்டும் எழுதிக் கொடுங்கள், கிரயம் அப்புறம்" என்று தரகர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். யார் பெயரில் கிரயம், எந்தக் கம்பெனி, ஊரில் அதே ஆட்கள் இதுவரை எந்தெந்த சர்வே எண்களை வாங்கியிருக்கிறார்கள் என்று வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். உச்சவரம்பைத் தாண்டியிருந்தால், 37-ஏ அனுமதி உண்டா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள், செலவு 10 ரூபாய். புலப்படத்தை (சர்வே எண்ணின் அளவு வரைபடத்தை) எடுத்து ஓடைப் புறம்போக்கு எங்கே போகிறது என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு உழுபவர் இருந்தால் அவருடைய வெள்ளாமை முடியும்வரை அவகாசம் வேண்டும் என்றும், பின்காட்டுக்காரர்களுக்குப் பாதை உண்டு என்றும் கிரயப் பத்திரத்தில் இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள். விலையில் பேரம் பேசாதவர்கள் அந்த இரண்டு வரிக்கு மறுத்தால், எதற்காக வாங்குகிறார்கள் என்பதை நீங்கள் எனக்கு எழுதலாம்.