ஆணழகன் போட்டிக்கு 16 வாரம், எடை 80 கிலோ: கலோரியை எவ்வளவு குறைக்கலாம்?

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். ஜிம் மாஸ்டர் சொன்னார் என்று முதல் நாளே 1200 கலோரிக்கு இறங்க வேண்டாம் தம்பி. கொழுப்போடு தசையும் கரைந்துவிடும்; மேடையில் காட்ட என்ன மிஞ்சும்?

வாரத்துக்கு உடல் எடையில் 0.5 முதல் 1 சதவீதம் குறைந்தால் போதும். உங்களுக்கு அது 400 முதல் 800 கிராம். ஒரு கிலோ கொழுப்பு ஏறக்குறைய 7700 கலோரி. ஆக, தினம் 500 கலோரி பற்றாக்குறையில் தொடங்கலாம். எதிலிருந்து 500? எடை ஏறாமல் இறங்காமல் நிற்கும் இப்போதைய சாப்பாட்டை ஒரு வாரம் எழுதிவைத்துக் கூட்டிப் பாருங்கள்.

நம் பக்கம் கணக்கு உதைப்பது பெரும்பாலும் அரிசியில் இல்லை, தேங்காய் எண்ணெயில்தான். ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி. மத்தி வறுக்க ஒன்று, தோரன் (தேங்காய்ப் பொரியல்) தாளிக்க ஒன்று, அவியல் மேல் பச்சையாக ஒன்று. 360 போச்சு! அவியல் விஷயத்தில் அம்மாவிடம் வாதாடி ஜெயிக்க முடியாது. எண்ணெய் ஊற்றும் முன்பே உங்கள் பங்கைத் தனியாக எடுத்துவிடுங்கள். மத்தியைக் குடம்புளி போட்டுக் குழம்பாக வைக்கலாம். புரதம் தினம் உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராமுக்குக் குறையக் கூடாது.

தினமும் காலையில் எடை பாருங்கள், ஆனால் வாரச் சராசரியை மட்டும் நம்புங்கள். இரண்டு வாரம் அது அசையாவிட்டால் இன்னும் 100, 150 கலோரி குறையுங்கள். தூக்கம் கெட்டு, ஜிம்மில் தூக்கும் எடையும் சரிந்தால் பற்றாக்குறை அதிகமாகியிருக்கலாம். அப்புறம், கடைசி வாரத்தில் தண்ணீரை நிறுத்தச் சொன்னால் கேட்காதீர்கள், உயிருக்கே ஆபத்து.