விலை உயர்ந்த ஹெட்போன் வாங்குவதென்றால் ஓப்பன் பேக்கா (பின்பக்கம் திறந்தது), குளோஸ்டு பேக்கா (பின்பக்கம் மூடியது)?

தனி அறை இருந்தால் யோசிக்காமல் ஓப்பன் பேக். இல்லையென்றால் விஷயம் கொஞ்சம் சிக்கல்.

ஹெட்போனுக்குள் ஒலி எழுப்பும் குட்டி ஸ்பீக்கர்தான் டிரைவர். அது காதுக்கு அனுப்புகிற ஒலியைப் பின்பக்கமும் தள்ளும். ஓப்பன் பேக்கில் அது வலை வழியாக வெளியேறிவிடும். குளோஸ்டு பேக்கில் மூடியில் முட்டித் திரும்பி, பாட்டோடு கலந்து குழப்பும். சென்ஹைசர் நிறுவனம் 2018-ல் இதற்கு ஒரு வித்தை செய்தது. எச்டி 800 எஸ் என்ற ஓப்பன் பேக் மாடலில் இருக்கும் 56 மிமீ டிரைவர் வகையையே எச்டி 820 என்ற குளோஸ்டு பேக்கிலும் வைத்து, பின்னால் குழிந்த கண்ணாடியால் மூடியது. கண்ணாடி ஒலியை ஓரமாகத் திருப்பிவிட, அங்கே உறிஞ்சும் பொருள் காத்திருக்கும்.

இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டிருக்கிறேன். 800 எஸ்-ல் வயலின் தலைக்கு வெளியே, கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. 820-ல் அது காதோரம் வந்துவிடுகிறது, பேஸும் (அடித்தள ஒலி) தடிக்கிறது. அப்புறம், நான் மூக்குக்கண்ணாடி போடுகிறவன். கண்ணாடியின் காம்பு இடுக்கில் காற்று கசிந்து அந்த பேஸிலும் பாதி போயிற்று!

ஆனால் பக்கத்தில் மிக்சி ஓடினால் 800 எஸ் வெறும் அலங்காரம்தான். நீங்கள் கேட்கும் பாட்டும் வீடு முழுக்கக் கேட்கும்.

இரண்டுக்கும் மின்தடை (இம்பீடன்ஸ்) 300 ஓம். போனில் நேராகச் செருகினால் சப்பென்றிருக்கும், ஆம்ப்ளிஃபயருக்கும் காசு ஒதுக்குங்கள்.