கேளுங்கள், சொல்கிறேன்: ஒஜிப்வே படிக்கும் பிள்ளைகளுக்கு

(ஒஜிப்வே என்பது அமெரிக்கா, கனடாவின் பேரேரிகளைச் சுற்றி வாழும் பூர்வகுடி மக்களின் பெயர், அவர்கள் மொழிக்கும் அதே பெயர். அமெரிக்காவின் டுலூத் நகரில் 19 ஆண்டுகள் பள்ளி நூலகராக இருந்த அனுபவத்தில் இந்த மாதப் பதில்கள்.)

கேள்வி: என் மகள் நான்காம் வகுப்பு. ஒஜிப்வே மக்களைப் பற்றிச் செயல்திட்டம் கொடுத்திருக்கிறார்கள். கனவு வலை (கெட்ட கனவைப் பிடித்துவிடும் என்று தொங்கவிடும் வலை வளையம்) செய்யும் பெட்டி ஒன்று வாங்கிவிட்டேன். வேறு என்ன வாங்கலாம்? – ஒரு தாய், மினியாபோலிஸ்

பதில்: ஒன்றும் வாங்க வேண்டாம் அம்மா. ரசீது இருந்தால் அந்தப் பெட்டியையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கனவு வலை அவர்கள் சொத்துதான், மறுக்கவில்லை. ஆனால் பிளாஸ்டிக் மணியையும் சாயம் போட்ட கோழி இறகையும் அரைமணி நேரம் ஒட்டுவதால் பிள்ளைக்கு அவர்கள் மொழியில் ஒரு சொல்கூட வந்து சேராது.

மினசோட்டா பல்கலைக்கழகத்தின் 'ஒஜிப்வே மக்கள் அகராதி' இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆங்கிலச் சொல்லைக் கொடுத்துத் தேடினால் போதும். பல சொற்களுக்கு, அந்த மொழியிலேயே வளர்ந்த பெரியவர்கள் தங்கள் குரலில் சொல்லிக்காட்டுகிறார்கள். தாளையும் பென்சிலையும் ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் காதால் கேட்கச் சொல்லுங்கள். ஒஜிப்வே.நெட் என்ற தளத்தில் பாட்டும் பாடங்களும் இருக்கின்றன. காரில் போகும்போது போட்டுவிடலாம்.

மகளுக்கு ஒரு வேலை தருகிறேன். ஸ்ட்ராபெரியையும் ராஸ்பெரியையும் தட்டில் வைத்து, இரண்டையும் அகராதியில் தேடட்டும். முதலாவது 'ஒடேஇமின்', இதயப் பழம். அதைப் பாதியாக நறுக்கினால் ஏன் அந்தப் பெயர் என்று விளங்கிவிடும். இரண்டாவது 'மிஸ்கொமின்', செம்பழம். ஒன்றுக்கு மேல் சொல்லும்போது ஒடேஇமினன், மிஸ்கொமினக் என்று விகுதி மாறுகிறது. ஏனென்றால் அவர்கள் இலக்கணத்தில் ராஸ்பெரி உயிருள்ள பால், ஸ்ட்ராபெரி உயிரற்ற பால். 'சிவப்பாக இருக்கிறது' என்பதற்கே ராஸ்பெரிக்கு மிஸ்கொஸி, ஸ்ட்ராபெரிக்கு மிஸ்க்வா. கல்லும் பனியும் முரசும்கூட உயிருள்ளவை! ஏன் இப்படி என்று வகுப்பில் மகள் கேட்டால் அதுவே நல்ல செயல்திட்டம்.

கூம்புக் கூடாரம் மட்டும் வரைய வேண்டாம். அவர்கள் பழைய வீடு பிர்ச் மரப்பட்டை போர்த்திய 'வீகிவாம்', பெரும்பாலும் குவிமாடம் போல இருக்கும். 'இருந்தார்கள்' என்று இறந்தகாலத்திலும் எழுத வேண்டாம். மினசோட்டாவின் பெமிட்ஜி ஊருக்கு ஒருமுறை போய்வாருங்கள். கடைகளிலும் கழிப்பறைக் கதவுகளிலும் ஒஜிப்வேச் சொற்கள் எழுதியிருப்பதை மகளே படிப்பாள்.

கேள்வி: எங்கள் பையன் பள்ளியில் ஒஜிப்வே பாடம் எடுத்திருக்கிறான். வீட்டில் தமிழ், வெளியே ஆங்கிலம், இதோடு மூன்றாவதா? குழம்பிவிட மாட்டானா? – ஒரு தகப்பனார், தண்டர் பே

பதில்: குழம்புவான், இரண்டு இடத்தில். 'நீன்' என்றால் அங்கே 'நான்'. 'நீ' என்பதற்குக் 'கீன்'. ஒரு வாரம் எதிரே நிற்பவனைக் காட்டி 'நீன்' என்பான், விடுங்கள். அடுத்தது, நம் ழகரத்துக்கு ஆங்கிலத்தில் இசட்-எச் எழுதிப் பழகிய கண்ணுக்கு, ஆங்கில எழுத்தில் எழுதும் அவர்களுடைய வணக்கச் சொல் 'பூழூ' என்றுதான் தெரியும். நானே முதல் நாள் அப்படித்தான் சொல்லி மாட்டிக்கொண்டேன். அது 'போஜூ', அந்த ஜ, பிரெஞ்சுக்காரர்களின் 'போன்ஜூர்' உள்ளே வரும் ஜ.

மற்றபடி உங்கள் பையனுக்குக் கைவந்த விஷயங்கள் அங்கே நிறைய. குறில், நெடில் அவனுக்குச் சொல்லித்தர வேண்டாம். எழுத்தை இரட்டித்தால் நெடில், ஏகாரம் எப்போதும் நெடில், அவ்வளவுதான். ஆங்கிலம் மட்டுமே தெரிந்த பிள்ளைகள் முட்டி மோதும் இடம் ஒன்று உண்டு. கேட்பவரையும் சேர்த்துச் சொல்லும் 'கீனவின்ட்', கேட்பவரை விலக்கிச் சொல்லும் 'நீனவின்ட்'. நாம், நாங்கள்! உங்கள் வீட்டில் அது சாப்பாட்டு மேசையிலேயே தீர்ந்துபோன பாடம்.

கேள்வி: பேச ஆள் குறைந்துவிட்ட மொழியைப் பிள்ளைகள் தலையில் ஏன் கட்ட வேண்டும்? – ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

பதில்: ஆள் தானாகக் குறையவில்லை ஐயா. அரசாங்கத்தார் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் அடைத்து, தாய்மொழி பேசினால் தண்டித்தார்கள். இப்போது விஸ்கான்சினில் ஹேவர்டு ஊருக்கு அருகே 'வாடோகொடாடிங்' என்ற பள்ளி ஒஜிப்வே மொழியிலேயே பாடம் நடத்துகிறது. ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் இடம் என்று பெயருக்குப் பொருள். ஆசிரியராக இருந்த நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டாம்.

கேள்வி: கோடை விடுமுறையில் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு ஒஜிப்வேக் கதை நேரம் வைக்க ஆசை. பெரியவர் ஒருவரை அழைக்கலாமா? – ஒரு வாசகி, செயின்ட் பால்

பதில்: அழையுங்கள், ஆனால் எதைச் சொல்வது என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள். நாம் தாம்பூலம் வைத்து அழைப்பதுபோல, அங்கே அறிவு கேட்டுப் போகிறவர் புகையிலை கொடுப்பது வழக்கம். புகைப்பதற்கு என்று நினைத்துவிடாதீர்கள், அது மரியாதை. என்ன கொண்டுவர வேண்டும் என்று முன்பே கேட்டுக்கொண்டால் தவறு வராது.

கோடையில், ஏரியில் தானாக விளையும் காட்டு அரிசியைப் பற்றிக் கேட்கலாம். படகில் ஒருவர் கழி ஊன்றித் தள்ள, மற்றவர் இரண்டு குச்சிகளால் கதிரை வளைத்துத் தட்டுவார். படகுக்கு வெளியே சிந்துவது ஏரிக்கு விதை. வறுத்து, மிதித்து, மரப்பட்டைத் தட்டில் புடைப்பார்கள். முதன்முதலாக அதைப் பார்த்தபோது என் பாட்டியின் சுளகுதான் நினைவுக்கு வந்தது.

அவர்கள் புராண நாயகன் நானபோஜோவின் கதைகள் மட்டும் கோடையில் கூடாது. தரையில் பனி இருக்கும்போதுதான் சொல்வது மரபு. இது தெரியாமல் ஒரு ஜூலையில் நூலகத்தில் நான் புத்தகத்தைத் திறந்துவிட்டேன். பின்வரிசையில் பேத்தியோடு உட்கார்ந்திருந்த பாட்டி எழுந்துவந்து, என் கையிலிருந்த புத்தகத்தை மெல்ல மூடி, "பனி விழட்டும்" என்றார். அவ்வளவுதான், கோபமே இல்லை. மீதி நேரம் தவளைப் படம் வரைந்து ஒப்பேற்றினேன். நவம்பரில் பனி விழுந்த வாரம் அவரே வந்து சொன்னார். கேட்க வந்த பிள்ளைகள் பதினொரு பேர். பன்னிரண்டாவதாகத் தரையில் நானும் உட்கார்ந்துகொண்டேன்.