கோட்டைக்கு ஆபத்து எந்த மாதத்தில்? கேள்வி பதில்

1746இல் பிரெஞ்சுக்காரனிடம் சென்னை அவ்வளவு சுலபமாக விழுந்தது ஏன் சார்? (தண்டையார்பேட்டை)

ஆங்கிலேயரின் ஜார்ஜ் கோட்டைச் சுவர் சோடைதான். காவலுக்கு இருந்ததோ சுமார் 300 சிப்பாய்கள். ஆனால் பெரிய ஓட்டை கடலில்: பெய்ட்டனின் ஆங்கிலக் கப்பற்படை வங்காளத்துக்குப் போய்விட்டது. பிரெஞ்சு தளபதி லபூர்தொனே தெற்கே படையை இறக்கி, குண்டு வீசி, சில நாட்களில் கவர்னர் மோர்ஸைப் பணிய வைத்தார். கடல் கடந்து பிடித்து வைத்த ஊர் என்றால் பீரங்கியை எண்ணுவது அப்புறம். நம் கப்பல் இன்று எங்கே, திரும்பி வர எத்தனை நாள் என்பதுதான் முதல் கணக்கு.

அந்த நாள் கணக்கை எப்படிப் போடுவது? (பழைய வண்ணாரப்பேட்டை)

காற்றை வைத்துத்தான். அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல் அலைக்கு வெளியே நங்கூரம் போடும். ஆளும் சரக்கும் மசூலா படகில் கரையேறும். தென்னங்கயிற்றால் தைத்த பலகை, ஆணி இல்லை. அதனால் அலை அடித்தால் நெளிந்து கொடுக்கும், உடையாது. அக்டோபரில் புயல் தொடங்கினால் வெளியே நிற்கும் கப்பல் தப்பாது. 1746 அக்டோபரில் லபூர்தொனேயின் கப்பல்களே இங்கே சிதறின. ஆகவே மழைக்காலத்தில் கப்பற்படை ஒதுங்கிவிடும். ஊர் மறுபடி ஆங்கிலேயர் கையில் இருந்த 1758இல் ஆங்கிலக் கப்பற்படைத் தளபதி போகாக் பம்பாய்க்குப் போனார், பிரெஞ்சு கப்பற்படைத் தளபதி தாஷே மொரீஷியசுக்கு. பிரெஞ்சு தரைப்படைத் தளபதி லாலி டிசம்பரில் தரைவழியாக வந்து சூழ்ந்துகொண்டார். மழை ஓய்ந்து தரை காய்ந்திருக்கும், கப்பல் திரும்பியிருக்காது. இந்த இடைவெளிதான் மோசமான காலம். பிப்ரவரி நடுவில் ஆங்கிலக் கப்பல்கள் கண்ணில் பட்டதும் முற்றுகை கலைந்தது.

1746இல் ஆற்காட்டு நவாப் காப்பாற்றுவார் என்று நம்பினார்களாமே? (ராயபுரம்)

நம்பினார்கள். நவாபின் படை வந்தபோது ஊர் பறிபோயிருந்தது. வந்த படையும் அடையாற்றில் சிறு பிரெஞ்சுப் படையிடம் தோற்றது. பக்கத்து ராஜாவின் வாக்கைத் தற்காப்புக் கணக்கில் வரவு வைக்கக் கூடாது.

பாரிமுனையில் நிற்கும் பழைய எல்லைத் தூண் எதற்கு? (மண்ணடி)

நம் ஆட்கள் குடியிருந்த பழைய கறுப்பர் நகரம் கோட்டையின் வடக்குச் சுவரை ஒட்டியே இருந்தது. முற்றுகை போடுகிறவனுக்கு அந்த வீடுகளே மறைப்பு. கூரை மேலிருந்து கோட்டைக்குள் சுடலாம். அதனால் இடித்துத் தரைமட்டமாக்கி, இதைத் தாண்டி யாரும் கட்டக் கூடாது என்று 1773இல் தூண்கள் நட்டார்கள். மிஞ்சியது அந்த ஒன்று. இன்று ஐகோர்ட் நிற்பது அப்படிக் காலியாக்கிய மண்ணில்தான். ராணுவக் கணக்குச் சரி. வீடு இழந்தவர்கள் நம் ஆட்கள்.

மாடிப்பூங்காவில் மிஞ்சி நிற்கும் பழைய நகர மதில் எதற்கு? (மூலக்கொத்தளம்)

அது மைசூரின் ஐதர் அலிக்குப் பயந்து கட்டியது. 1769இல் அவர் குதிரைப்படை ஊர் வாசலுக்கே வந்து சமாதானம் எழுதி வாங்கியது. குதிரையைத் தடுக்க அந்த மதில் போதும், முற்றுகைப் பீரங்கிக்குத் தாங்காது. ஆனாலும் கோட்டைக்குக் குடிநீர் கொடுத்த ஏழு கிணறு அதற்கு உள்ளே இருந்தது, லாபம் அதுதான்.

ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் வந்தபோது துறைமுகம் இருந்ததே? (காசிமேடு)

இருந்தது, விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு, போர் தொடங்கி ஏழு வாரம் ஆகியும் யாரும் அணைக்கவில்லை. சுமார் 125 குண்டுகள். பர்மா ஆயில் தொட்டிகள் எரிந்தன. கரைப் பீரங்கி பதிலுக்குச் சுட்டும் எம்டனுக்குச் சேதமில்லை.