மார்பக உள்வைப்பைத் தசைக்கு மேலே வைப்பதா, கீழே வைப்பதா?

மார்பகத்தைப் பெரிதாக்கும் சத்திரசிகிச்சைக்குத் தயாராகும் நானுஓயாச் சகோதரி ஒருவர், வைத்தியர் உள்வைப்பை நெஞ்சுத் தசைக்குக் கீழே வைக்கலாம் என்கிறார், ஏற்கெனவே செய்துகொண்ட தோழியோ மேலே வைத்தால்தான் வலி குறைவு என்கிறார், இதில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருக்கிறார். நான் வைத்தியர் அல்ல. ஹட்டன் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியையாக இருக்கிறேன். 2018ஆம் ஆண்டு கொழும்பில் இதே சத்திரசிகிச்சையைச் செய்துகொண்டேன். எனக்குத் தசைக்குக் கீழேதான் வைத்தார்கள். அது சரியான இடம் என்பதை விளங்கிக்கொள்ள எனக்கு மூன்று ஆண்டுகள் எடுத்தன, அந்த மூன்று ஆண்டு வேதனை உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தோட்டத்தில் பிறந்தவளுக்கு இது எதற்கு என்று நினைப்பவர்கள் இதை வாசிப்பார்கள் என்று தெரியும். இரண்டு பிள்ளைகளுக்குப் பால் கொடுத்து முடித்த பின்னர் என் வலப்பக்கம் இடப்பக்கத்தைவிட வெளிப்படையாகவே சுருங்கிப்போனது. ஐந்து ஆண்டுகள் சேலைத் தலைப்பை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டே கரும்பலகையில் எழுதினேன். சீட்டுப் பிடித்துச் சேர்த்த என் சொந்தப் பணத்தில், என் கணவருடன் பேசி எடுத்த முடிவு இது. கொழுந்து பறித்து என்னைப் படிக்கவைத்த என் அம்மாவே என்னுடன் வைத்தியசாலையில் தங்கினார். இதற்கு மேல் நான் யாருக்கும் விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவள் அல்ல.

சத்திரசிகிச்சைக்கு முன் வைத்தியர் என் மார்பின் மேற்பகுதியை ஒரு கருவியால் கிள்ளிப் பிடித்து அளந்து, ஆங்கிலத்தில் ஓர் எண்ணைச் சொல்ல, தாதி எழுதிக்கொண்டார். அது எதற்கான அளவு என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. வலப்பக்கத்துக்குச் சற்றுப் பெரியதும் இடப்பக்கத்துக்குச் சிறியதுமாக இரண்டு சிலிக்கோன் உள்வைப்புகளை வைத்தார்கள். முதல் வாரம் நெஞ்சின் மேல் பாரம் ஏற்றிவைத்தது போன்ற இறுக்கமும் வலியும் இருந்தன. எட்டாம் நாள் அவிசாவளை வழியாக பஸ்ஸில் ஊருக்குத் திரும்பியதுதான் நான் செய்த பெரிய பிழை. கித்துல்கலைக்கு மேலே ஒவ்வொரு வளைவிலும் கம்பியை இறுகப் பிடிக்க வேண்டியிருந்தது, பிடிக்கும்போதெல்லாம் மார்புத் தசை கிழிவதைப் போல இருந்தது. தசைக்குக் கீழே வைத்துக்கொள்ளும் மலையகப் பெண் எவராக இருந்தாலும், முடிந்தால் இரண்டு வாரமாவது கொழும்பிலோ கண்டியிலோ உறவினர் வீட்டில் தங்கிவிட்டு வர வேண்டும் என்பேன்.

வலி ஒன்றரை மாதத்தில் தீர்ந்தது. மூன்றாம் மாதம் ஒரு காலையில் ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தபோது, உள்ளங்கையை ஊன்றி அழுத்திய ஒவ்வொரு முறையும் இரண்டு மார்பகங்களும் மேலேயும் வெளிப்பக்கமாகவும் நகர்ந்து, கையைத் தளர்த்தியதும் மீண்டும் இறங்கின. உள்ளே ஏதோ கழன்றுவிட்டது என்று நினைத்து மாவை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்து அழுதேன். கொழும்புக்குத் தொலைபேசியில் பேசியபோது அது வழமையானது என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். அதன் பின்னர் தண்ணீர் வாளி தூக்குவதையும், வீட்டுக்குப் பின்னாலிருக்கும் கரட் பாத்தியில் மண்வெட்டி பிடிப்பதையும் மற்றவர்கள் முன்னால் தவிர்த்தே வந்தேன்.

2021இல் கண்டியில் வேறொரு பிளாஸ்ரிக் சத்திரசிகிச்சை நிபுணரிடம் போனேன். இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்து அழுத்தச் சொல்லிப் பார்த்தவுடனேயே அவருக்கு விடயம் விளங்கிவிட்டது. நெஞ்சின் பெரிய தசை விலாவெலும்போடு ஒட்டியிருக்கும் கீழ்ப்பகுதியை விடுவித்து, உள்வைப்பின் மேற்பாதியைத் தசையும் கீழ்ப்பாதியை மார்பகத் திசுவும் மூடுமாறு வைப்பதை இருதள முறை என்பார்கள், இன்று பலர் தசைக்குக் கீழே என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான் என்றார். அந்தத் தசை சுருங்கும் போதெல்லாம் கீழிருக்கும் உள்வைப்பும் அசையும், அது பழுதல்ல, அந்த இடத்தோடு கூடவே வருவது என்பதையும் அப்போதுதான் ஒருவர் வாயால் கேட்டேன்.

அப்படியானால் மேலே மாற்றிவிடுங்கள் என்றேன். அவர் என் பழைய கோப்பைத் திறந்து, அன்று தாதி எழுதிய எண்ணைக் காட்டினார். 1.5 சென்ரிமீற்றர். மார்பின் மேற்பகுதியைக் கிள்ளிப் பிடிக்கும்போது தடிப்பு 2 சென்ரிமீற்றருக்குக் குறைவாக இருந்தால், உள்வைப்பை மூடி மறைக்கப் போதிய சதை இல்லை என்று கொள்வார்களாம். அப்படிப்பட்ட உடலில் தசைக்கு மேலே வைத்தால் விளிம்பு தெரியும், குனியும்போது தோலின் மேல் நெளிவுகள் தெரியும். உள்வைப்பைச் சுற்றி உடல் உண்டாக்கும் உறை தடித்து இறுகிப்போகும் வாய்ப்பும், தசைக்குக் கீழே வைத்தால் குறைவு. மெமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே எடுக்கும்போது உள்வைப்பைப் பின்னே தள்ளி மார்பகத் திசுவைத் தனியே படம் பிடிப்பதும் கீழே இருந்தால் எளிது. இவை எல்லாவற்றையும் கேட்ட பின்னர் நான் மாற்றவில்லை. காரணம் தெரிந்த நாளிலிருந்து மா பிசைவதும் எனக்குப் பயமாக இல்லை.

உங்கள் உடலமைப்பை நீங்கள் எழுதவில்லை. நம் பக்கத்துப் பெண்களில் பலரைப் போல நீங்களும் மெலிந்தவராக இருப்பீர்கள் என்றே எண்ணுகிறேன். அப்படியானால் உங்கள் வைத்தியர் சொல்வதே பொருத்தமாக இருக்கக்கூடும். உங்கள் தோழிக்கு இயல்பாகவே சதைப்பிடிப்பு இருந்திருந்தால் அவருக்கு மேலே வைத்ததும் சரியே, வலி குறைவாக இருந்தது என்று அவர் சொல்வதும் உண்மையே, ஆனால் அவருடைய மார்பு உங்களுடையது அல்ல. கிள்ளி அளந்த எண் எத்தனை என்று கேளுங்கள். அதோடு நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று வைத்தியர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். கூடை சுமப்பவரும், கவ்வாத்து வெட்டுபவரும், மரக்கறித் தோட்டத்தில் மண்வெட்டி பிடிப்பவரும் நாள் முழுவதும் நெஞ்சுத் தசையால் உழைக்கிறார்கள். கொழும்பில் அலுவலகத்தில் இருப்பவருக்குச் சிறிதாகத் தெரியும் அசைவு அவர்களுக்கு அன்றாட விடயம். 2 சென்ரிமீற்றருக்கு நன்றாக மேலே அளவு இருந்து, தொழிலும் இப்படிப்பட்டதாக இருந்தால், தசைக்கு மேலே, தசையைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறைக்குக் கீழே வைக்கும் முறையைப் பற்றியும் கேட்கலாம்.

இன்றுவரை ஆறாத ஒன்றையும் சொல்ல வேண்டும். இந்த அசைவைப் பற்றிய எச்சரிக்கை நான் கையொப்பமிட்ட சம்மதப் படிவத்தில் இருந்திருக்கிறது. படிவம் முழுவதும் ஆங்கிலத்தில், சத்திரசிகிச்சைக்கு முந்திய மாலையில், கட்டிலில் உட்கார்ந்திருந்த என்னிடம் பேனாவுடன் நீட்டப்பட்டது. 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழியாயிற்று. தனியார் வைத்தியசாலைக்கு அது கட்டாயமில்லை என்று சிலர் வாதிடுவார்கள், வாதிடட்டும். என் நெஞ்சைத் திறந்து செய்யப்போவது என்ன என்பதை என் மொழியில் சொல்ல மறந்ததை நான் சிறிய குறையாகக் கொள்ள மாட்டேன். உங்கள் படிவத்தை ஒரு வாரம் முன்னரே வாங்கி, ஆங்கிலம் நன்கு தெரிந்த ஒருவருடன் உட்கார்ந்து வரி வரியாக வாசியுங்கள்.

உள்வைப்பின் மேற்பரப்பு வழவழப்பானதா, சொரசொரப்பானதா என்பதையும் கேளுங்கள். அரிதான ஒருவகை நிணநீர்ப் புற்றுநோயோடு தொடர்புபட்டதால், சொரசொரப்பான வகை ஒன்று 2019இல் உலகெங்கும் மீளப் பெறப்பட்டது. எங்கே வைத்தாலும் உள்வைப்பு ஆயுளுக்கும் நிற்பதல்ல. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. சிலிக்கோன் வகைக்கு ஐந்தாறு ஆண்டுகளில் முதல் ஸ்கேனும் அதன் பின்னர் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும் எடுக்கச் சொல்கிறது. அந்தச் செலவுக்கும் சேர்த்தே சீட்டுப் பிடியுங்கள்.

வீட்டுக்கு வரும்போது உள்வைப்பின் வகை, அளவு, தொடரிலக்கம் எழுதிய அட்டையைத் தருவார்கள். எந்தத் தளத்தில் வைத்தார்கள் என்பதையும் அதன் பின்புறத்தில் எழுதி வாங்குங்கள். சுகவனிதையர் கிளினிக்குக்கும் மெமோகிராமுக்கும் போகும்போது அதை எடுத்துச் சென்று முதலிலேயே காட்டிவிடுங்கள். என்னுடையது பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களோடு ஒரே கோப்பில் இருக்கிறது, இருக்குமிடம் அம்மாவுக்கும் தெரியும்.