பெர்ஃபெக்ட் டென்ஸில் ‘ஹேவ்’ எங்கே வரும், ‘ஹேட்’ எங்கே வரும்?

‘ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே’ ஏன் தவறு என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழில் ‘அவர் நேற்று வந்திருக்கிறார்’ என்று தாராளமாகச் சொல்லலாம். அந்தப் பழக்கம்தான் இங்கே காலை வாருகிறது. ‘ஹேவ் சீன்’ போல ‘ஹேவ்’ சேர்ந்து வரும் பிரசென்ட் பெர்ஃபெக்ட், நடந்ததை இன்றைய நிலையோடு இணைத்துப் பேசுவது. எஸ்டர்டே, டூ டேஸ் அகோ, இன் 2019 என முடிந்துபோன நேரத்தைக் குறிப்பிட்டால் அந்த இணைப்பு அறுந்துவிடும். அப்போது ‘ஐ சா ஹிம் எஸ்டர்டே’ என்றே எழுத வேண்டும்.

‘ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ’ என்றால் சாவி இன்னும் கையில் இல்லை என்று பொருள்படும். ‘ஐ லாஸ்ட் மை கீ’ என்பதிலிருந்து அது பிறகு கிடைத்ததா என்று தெரியாது.

அடுத்த சிக்கல் ‘ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் 2015’. அன்று தொடங்கி இன்றும் தொடர்வதால் ‘ஐ ஹேவ் பீன் லிவிங்’ என்பதே சரி. தொடங்கிய புள்ளிக்கு ‘சின்ஸ்’, கால அளவுக்கு ‘ஃபார்’: சின்ஸ் 2015, ஃபார் ஃபைவ் இயர்ஸ். ‘சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ கிடையாது.

‘ஹேட்’ அதிகம் வீணாவது தனி நிகழ்ச்சிகளில். ‘ஐ ஹேட் கான் தேர் எஸ்டர்டே’ என்று மட்டும் சொன்னால், எதற்கு முன்பு என்ற கேள்வி தொங்கி நிற்கும். ‘ஐ வென்ட்’ போதும். கடந்த காலத்து இரு நிகழ்ச்சிகளில் முந்தியதற்கே ‘ஹேட்’: ‘வென் ஐ ரீச்ட் தி ஸ்டேஷன், தி ட்ரெயின் ஹேட் லெஃப்ட்’. ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’ இருந்தால் வரிசை தானே விளங்கும். அங்கே ‘ஹேட்’ கட்டாயமில்லை.

எந்தப் பெர்ஃபெக்ட் ஆனாலும் வினையின் மூன்றாம் வடிவமே வரும்: ‘ஹேவ் வென்ட்’ அல்ல, ‘ஹேவ் கான்’.